கீழாநெல்லி கடைசியாகச் சொன்னது

அந்தக் காலத்தில் செடிகளுக்கு வாய் இருந்தது. வாய் என்றால் உங்களுக்கும் எனக்கும் இருப்பதுபோல ஓயாத வாய் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் "இங்கேதான் இருக்கிறேன்" என்று குரல் கொடுக்கும். யாருக்கு என்ன நோவு என்று நாம் சொல்ல வேண்டும். அதைக் கேட்டுவிட்டு "எடுத்துக்கொள்" என்று செடி சொன்னால்தான் பறிக்கலாம். கேட்காமல் பறித்த இலை வெறும் தழை. ஆட்டுக்குப் போடலாம், ஆளுக்கு ஆகாது. பொழுது சாய்ந்த பிறகு கூப்பிடவும் கூடாது, செடி தூங்கப் போய்விடும்.

கூப்பிடுவதிலும் ஒரு கட்டளை இருந்தது. அதற்கும் முந்தி ஒருநாள், பசியோடு வந்த ஒருவன் அரளியை வேறு ஏதோ என்று நினைத்துத் தின்று உயிரை விட்டான். பூமிக்கு அந்தச் சாவு ஆறவே இல்லை. செடிகளை எல்லாம் கூப்பிட்டு, ஆளுக்கு ஒரு பெயர் வைத்தது.

"உன் பெயரை நான் சொன்ன மாதிரியே, ஒரு மாத்திரை கூடாமல் குறையாமல் சொல்கிறவன்தான் உன்னை அறிந்தவன். அவனுக்கு மட்டும் குரல் கொடு. வேறு ஒலிக்கு நீ குரல் கொடுத்தால், அந்தக் குரல் அன்றோடு என்னிடமே திரும்பிவிடும்" என்றது.

கட்டளை கடுமைதான். ஆனால் கெட்ட எண்ணத்தில் பிறந்ததில்லை. பிள்ளையைக் கிணற்றடிக்குப் போகாதே என்று அதட்டுகிற மாதிரி ஒரு கடுமை.

மக்கள் எல்லாரும் ஓரிடத்தில் இருந்தவரை தொல்லை இல்லை. அப்புறம் ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். கடற்கரைக்குப் போனவர்கள் காற்றோடு போட்டி போட்டுக் கத்திக் கத்தி, சொல்லை நீட்டப் பழகினார்கள். குளிரில் குடியேறியவர்கள் வாயைச் சிக்கனமாகத் திறந்தார்கள். மரியாதை மிகுந்த ஒரு சீமைக்காரர்கள் எதைச் சொன்னாலும் வாலில் ஒரு 'ங்க' சேர்த்தார்கள். நாக்கு என்ன கருங்கல்லா, வைத்த இடத்தில் வைத்தபடி இருக்க? நாலு தலைமுறைக்குள் ஊருக்கு ஒரு நாக்கு ஆகிவிட்டது. அநேகமாக எல்லாருக்கும் செடிகள் குரல் கொடுப்பதை நிறுத்திவிட்டன. பிறகு பேர்சொல்லியைத் தேடிப் போவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இல்லை.

பேர்சொல்லி என்றால் செடிகளின் பெயரை அப்படியே சொல்லத் தெரிந்த ஆள். ஆற்றங்கரையில் பெரிய மூலிகைத் தோப்பு ஒன்று இருந்தது. அதற்குப் பேர்சொல்லியாக இருந்தவர் ஏழுமலை. அவருடைய நாக்கு லேசுப்பட்ட நாக்கு இல்லை. வெற்றிலை போட்டால் தடித்துவிடும் என்று வெற்றிலை போட மாட்டார். சுடுகஞ்சி குடிக்க மாட்டார், ஆறிய பிறகுதான். கல்யாண வீட்டுக்குப் போனால்கூட அப்பளத்தைத் தொட மாட்டார், மேல்வாயைக் கீறிவிடுமாம். அப்படிப் பொத்திப் பொத்தி வைத்த நாக்கு.

அவருக்கு ஒரு வைராக்கியமும் இருந்தது. செடியே தப்பான பெயருக்குத் திரும்பாதபோது, தான் மட்டும் திரும்பலாமா? "ஏளுமலை" என்றோ "ஏயுமலை" என்றோ யாராவது கூப்பிட்டால், இடி விழுந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு மழைக்காலத்தில் ஜலதோஷம் பிடித்தது.

சிரிக்காதீர்கள். பெரிய துயரம் அது. மூக்கு அடைத்துவிட்டால் 'ந' எங்கே வரும், 'ம' எங்கே வரும்? மற்ற ஒலிகள் வந்தாலும் மாத்திரை தப்பிவிடும். நொச்சி இலையைப் போட்டு ஆவி பிடித்தால் மூக்கு திறந்துவிடும். ஆனால் நொச்சியைப் பறிக்க நொச்சியைக் கூப்பிட வேண்டும். ஏழுமலை நொச்சிக்கு முன்னால் நின்று ஐந்து நாளாக "தொச்சி, தொச்சி" என்று மன்றாடினார். எத்தனையோ வருஷப் பழக்கம், ஆனாலும் நொச்சி வாய் திறக்கவில்லை.

ஆறாம் நாள் தோப்பு வாசலில் இரண்டு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மேற்கேயிருந்து வந்த நாச்சிமுத்து. இன்னொருவர் வடக்கே படகோட்டும் கன்னியப்பன். இருவரும் வந்து மூன்று நாளாகிவிட்டது.

"மொடக்கத்தானுங்க, மொடக்கத்தானுங்கன்னு நானும் எத்தனை வாட்டிதான் கூப்புடறதுங்க?" என்றார் நாச்சிமுத்து. "எங்கய்யனுக்கு முட்டிய மடக்க முடியலீங்க. அந்த 'ங்க'வை விட்டுப்போட்டுக் கூப்புடுன்னு பேர்சொல்லி சொல்றாரு. வைத்தியம் கேட்கப் போறப்ப மரியாதியில்லாமப் பேச முடியுங்களா?"

"எம் பொஞ்சாதிக்கு நீர்க்கடுப்பு. வாயத்தண்டு ஒண்ணுதான் வோணும்" என்றார் வாழையை 'வாய' என்றே சொல்லிப் பழகிய கன்னியப்பன். "அந்த வாயமரம் என்னெ மொறச்சிக்கினே நிக்குது. மூணு நாளா வாய் தொறக்கல."

இருவரும் நொச்சியையும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டார்கள். ஒருவர் வாயில் அது "நொச்சிங்க" ஆனது. இன்னொருவர் வாயில் "நோச்சி" ஆனது. நொச்சி அசையவில்லை.

அன்று உச்சிவெயிலில்தான் மாடத்தி வந்து சேர்ந்தாள். தெற்கே உப்பளத்துக்காரி. உப்பு வாரி வாரி வெடித்த பாதங்களோடு இரண்டு நாள் நடந்து வந்திருந்தாள். இடுப்பில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை, பெயர் பவளம். மாடத்தியின் தோளில் தலையைப் போட்டுக் கிடந்தது. தோப்புக்குள்ளே முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, கடல்காற்றில் பழகிய குரலில் கூப்பிட்டாள்.

"ஏளுமலை அண்ணாச்சீ!"

அவர் திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டாள். மூன்றாம் முறை கூப்பிட்டபோது அவள் குரல் உடைந்தது. அப்போதும் திரும்பவில்லை.

"அப்படிக் கூப்புட்டா அவுரு திரும்ப மாட்டாருங்க அம்மணி. நேரா முன்னால போய் நில்லுங்க" என்றார் நாச்சிமுத்து.

போய் நின்றாள். குழந்தையின் முகத்தை அவர் பக்கமாகத் திருப்பினாள். இமையை விலக்கிக் காட்டினாள். வெள்ளை விழி முழுக்க மஞ்சள்.

"அஞ்சு நாளா ஒண்ணும் இறங்கல அண்ணாச்சி. பால் குடுத்தாக் கக்கிருதா. நேத்துல இருந்து அழக்கூட மாட்டேங்கா. இவளுக்கு மின்னாடி ரெண்டு பிள்ளை இதுலதான் போச்சு. இவளையாவது காப்பாத்திக் குடுங்க."

ஏழுமலை எழுந்து நின்றுவிட்டார். வைராக்கியம் எல்லாம் அந்த மஞ்சள் கண்ணுக்கு முன்னால் எங்கே நிற்கும்?

"பூக்கடைப்பு, தாயே" என்றார். மூக்கடைப்பைத்தான் அப்படிச் சொன்னார். இதற்கு மேல் அவர் பேசியதை எல்லாம் நான் திருத்தித்தான் சொல்கிறேன், இல்லாவிட்டால் உங்களுக்கு விளங்காது. முதலில் அவளையும் நொச்சியைக் கூப்பிட வைத்தார், அவள் வாயில் அது "நொச்சீ" என்று நீண்டுவிட்டது.

தோப்பின் ஈரமான ஓரத்தில், காலுக்குக் கீழே, ஒரு சாண் உயரத்துக்குக் கீழாநெல்லி நின்றது. ஏழுமலை அதன் முன்னால் மண்டியிட்டார். மூக்கைச் சிந்தினார். மூச்சை இழுத்துப் பார்த்தார். கூப்பிட்டார். "கீழாதெல்லி" என்றுதான் வந்தது. ஏழு முறை கூப்பிட்டார், ஏழு முறையும் அப்படியே.

கீழாநெல்லிக்கு அவரை நன்றாகத் தெரியும். அந்த முழங்கால்களைத் தெரியும், அந்தத் துண்டைத் தெரியும். ஆனால் பூமியின் கட்டளையும் தெரியும். பேசாமல் நின்றது.

"சரி, நீயே கூப்பிடு" என்றார் ஏழுமலை மாடத்தியிடம். "உனக்கு மூக்கு நன்றாக இருக்கிறது. நாக்கை மட்டும் வளைத்தால் போதும். நுனியை உள்ளே மடி. மேலே ஒட்டாதே. ஒட்டாமல் விடு."

"கீளாநெல்லி."

"ஒட்டிவிட்டாய்."

"கீளாநெல்லீ."

"ஒட்டாதே அம்மா. இழுக்கவும் இழுக்காதே. அது கப்பலில் போகவில்லை, உன் காலடியில்தான் நிற்கிறது."

மாடத்தி கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, செடியைப் பார்த்துக்கொண்டு, நூறு தடவை இருக்கும். நாக்கு வலித்தது. தண்ணீர் குடித்துவிட்டுக் கூப்பிட்டாள். அவளுடைய அம்மா, அம்மாவுடைய அம்மா எல்லாரும் அலைக்கு மேலே கேட்கும்படி கத்திப் பழகிய நாக்கு அது. ஒரு மத்தியானத்தில் அதை வளைக்க முடியுமா? நாச்சிமுத்துவும் கன்னியப்பனும்கூடப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தங்களுக்குத் தெரிந்தபடி கூப்பிட்டுப் பார்த்தார்கள். "கீழாநெல்லிங்க" என்றார் ஒருவர், விட நினைத்தாலும் அந்த 'ங்க' தானாக வந்து ஒட்டிக்கொண்டது. "கீயாநெல்லி" என்றார் மற்றவர். தங்கள் வீட்டு நோவை மறந்துவிட்டு இன்னொருத்தியின் பிள்ளைக்காகக் கூப்பிட்டார்கள்.

வெயில் மஞ்சளாகி, மரங்களின் நிழல் நீண்டது. ஏழுமலை மேற்கே பார்த்தார். இன்னும் ஒரு பனை உயரம்தான் பொழுது இருந்தது.

"நாளைக்குக் காலையில் பார்க்கலாம்" என்று சொல்ல வாயெடுத்தார். குழந்தையைப் பார்த்தார், சொல்லவில்லை. நாளைக் காலைவரை அந்தக் குழந்தைக்குத் தாங்காது என்பது அங்கிருந்த நாலு பேருக்கும் தெரிந்திருந்தது.

அப்போதுதான் குழந்தை கண்ணைத் திறந்தது. அன்று முழுக்கப் பேசாத குழந்தை, உதட்டை அசைத்து, காற்று மாதிரி ஒரு சத்தம் கொடுத்தது.

"ஞா..."

"என்னடி ராசாத்தி? இங்கனதான் இருக்கேன்" என்றாள் மாடத்தி உடனே. குனிந்து அதன் கன்னத்தில் தன் கன்னத்தை வைத்தாள்.

ஏழுமலைக்கு ஆச்சரியம். பேர்சொல்லி ஒருவருக்குத்தான் அந்த நேரத்தில் இப்படி ஒரு சந்தேகம் வரும்.

"யாரைக் கூப்பிட்டாள்?"

"என்னையத்தான்."

"ஞா என்றல்லவா சொன்னாள்?"

"அம்மான்னு சொல்ல இன்னும் வரல அவளுக்கு."

"அப்புறம் நீ ஏன் குரல் கொடுத்தாய்?"

மாடத்தி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். இப்படியும் ஒரு மனுஷன் கேட்பானா என்பதுபோலப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, பிள்ளைக்கு வாய் திருந்துத வரைக்கும் பெத்தவ பேசாம இருப்பாளா? கூப்பிடுதது அவதானே?"

ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டார்.

ஆனால் கால்மாட்டில் நின்ற கீழாநெல்லி அதைக் கேட்டது. எத்தனையோ தலைமுறையாக அது சரியான ஒலிக்கு மட்டும் காத்திருந்தது. கூப்பிடுவது யார் என்று அது ஒருநாளும் பார்த்ததில்லை. இன்றைக்குத்தான் பார்த்தது. உப்பில் வெடித்த பாதம் தெரிந்தது. மடியில் கிடந்த மஞ்சள் கண் தெரிந்தது. 'உன்னை அறிந்தவனுக்கு மட்டும் குரல் கொடு என்றது பூமி. நூறு தடவை தப்பாகக் கூப்பிட்டும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிறாளே, இவளைவிட என்னை யார் அறிந்தது?' என்று நினைத்தது. குரல் போய்விடும் என்று தெரியும். பயமாகவும் இருந்தது. சின்னச் செடிதானே.

மாடத்தி கடைசி முறையாகக் கூப்பிட்டாள். இப்போது அவள் நாக்கை மடிக்கவில்லை. தன் ஊரில், தன் வாசலில் நின்று கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டாள்.

"கீளாநெல்லீ..."

"இங்கேதான் இருக்கிறேன்" என்றது செடி.

நாலு பேரும் செடியின் பக்கம் குனிந்தார்கள்.

"எடுத்துக்கொள் அம்மா. குழந்தைக்குத்தானே? வேரோடு எடுத்துக்கொள்."

அதுதான் கீழாநெல்லி பேசிய கடைசிப் பேச்சு. அப்புறம் அதன் குரல் வேர் வழியாக இறங்கி மண்ணுக்குள் போய்விட்டது. மாடத்தி அழுதுகொண்டே பறித்தாள். ஏழுமலை ஓடிப்போய் அம்மியைக் கழுவினார், தானே அரைத்தார், மோரில் கரைத்தார். சங்கில் ஊற்றிப் புகட்டியபோது குழந்தை முதல் மடக்கைத் துப்பிற்று, இரண்டாவதை விழுங்கிற்று.

தோப்பில் மற்ற செடிகள் எல்லாம் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தன. ஒரு சாண் செடிக்கு இருக்கிற மனசு தங்களுக்கு இல்லையா? முதலில் வேலியில் படர்ந்திருந்த முடக்கத்தான், "நாச்சிமுத்து, இங்கேதான் இருக்கிறேன், உன் 'ங்க'வோடு வந்து எடுத்துக்கொள்" என்றது. அப்புறம் வாழை, கன்னியப்பனைப் பார்த்து அதையே சொன்னது. நொச்சியும் சொன்னது. தூதுவளை, துளசி, பிரண்டை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தன. பொழுது அடங்கியபோது தோப்பும் அடங்கிவிட்டது.

பூமி என்ன செய்தது என்கிறீர்களா? சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே, குரல்களை எல்லாம் வாங்கிக்கொண்டது. ஆனால் மருந்தைத் தொடவில்லை. அதற்கும் பிள்ளைகள் உண்டு அல்லவா?

ஏழுமலை அன்றே நொச்சி போட்டு ஆவி பிடித்தார். மறுநாள் விடியற்காலையில் மூக்கு திறந்துவிட்டது. தோப்புக்குள் போய் நின்று "கீழாநெல்லி" என்று கூப்பிட்டார். அப்படி ஒரு சுத்தமான ஒலி அவர் வாயிலிருந்துகூட அதுவரை வந்ததில்லை. பதில் இல்லை. "முடக்கத்தான்" என்றார். "நொச்சி" என்றார். இலைகள் காற்றில் அசைந்தன, அவ்வளவுதான். அங்கேயே உட்கார்ந்து துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். பாவம், ஆயுசு முழுக்க அப்பளம் தின்னாமல் காத்த நாக்கு!

மாடத்தி ஒன்பது நாள் தங்கினாள். ஒன்பதாம் நாள் பவளத்தின் கண் வெளுத்துவிட்டது. பசிக்கிறது என்று வீறிட்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு மாடத்தி சிரித்தாள். புறப்படும்போது ஏழுமலையிடம் வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, எங்க ஊர்ல இன்னும் எத்தனையோ பிள்ளைய இருக்கு. இந்தச் செடி இனிமே பேசாது. நான் இதை எப்படிக் கண்டுபிடிப்பேன்? வேற எதையாவது பறிச்சுக் குடுத்துட்டேன்னா?"

அரளியைத் தின்று செத்தவன் கதை ஏழுமலைக்கு நினைவு வந்தது. எழுந்தார். தோப்போரம் போய் ஒரு கீழாநெல்லிச் செடியின் முன்னால் குனிந்தார். பெயரைச் சொல்லிக் கூப்பிட மட்டுமே பழகியவர், அன்றைக்குத்தான் அதை உற்றுப் பார்த்தார். ஒரு கிளையைத் திருப்பினார். இலைகளுக்கு அடியில், வரிசையாக, கடுகு கடுகாய்ப் பச்சை முத்துகள் தொங்கின. ஒன்பது நாளைக்கு முன்னால் அவை அங்கே இல்லை. வாயால் இனிச் சொல்ல முடியாதே என்று, தேடி வருகிறவர்களுக்கு அடையாளமாகச் செடி தானே கட்டித் தொங்கவிட்டிருந்தது.

"பார் அம்மா" என்றார். "திருப்பிப் பார்த்தால் போதும். இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்கிறது."

அதன் பிறகு ஏழுமலை ஓரிடத்தில் உட்காரவில்லை. ஊர் ஊராகப் போனார். இலையைத் தடவிப் பார்க்க, கசக்கி முகர, திருப்பிப் பார்க்கச் சொல்லிக் காட்டினார். காட்டிவிட்டு, "உங்கள் ஊரில் இதை எப்படிக் கூப்பிடுவீர்கள்?" என்று கேட்டார். அவர்கள் சொல்லும்போது திருத்தாமல் கேட்டுக்கொள்வதற்கு ஆரம்பத்தில் மிகவும் கஷ்டப்பட்டார். போகப்போக ஒவ்வொரு ஊர் ஒலியும் அவருக்குப் பிடித்துப்போயிற்று. வெற்றிலைகூடப் போட ஆரம்பித்துவிட்டார் என்று சொல்வார்கள்.

அடுத்த கோடையில் தெற்கே உப்பளத்துக்கும் போனார். கண் கூசும் வெள்ளை வெயிலில் பாத்திகளுக்கு நடுவே நடந்து போய்க்கொண்டிருந்தவரைப் பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல் கூப்பிட்டது. அம்மா சொல்லிக் கொடுத்த பெயரை இன்னும் முழுசாகச் சொல்ல வராத குரல்.

"ஏமயே!"

ஏழுமலை நின்றார். ஆயுசில் தப்பான பெயருக்குத் திரும்பாத மனிதர் திரும்பினார். பவளம் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடி வந்துகொண்டிருந்தாள்.

"இங்கேதான் இருக்கிறேன்" என்றார்.

அந்த நாளில் தொடங்கிய பழக்கம்தான் இது. இன்றைக்கும் வேறு வேறு ஊர்க்காரர்கள் இரண்டு பேர் ஒரு செடியின் முன்னால் நின்றால், "உங்க ஊர்ல இதை என்னன்னு சொல்லுவீங்க?" என்று கேட்டுக்கொள்கிறார்கள். ஆளுக்கு ஒரு மாதிரிதான் சொல்கிறார்கள், ஒரு செடியும் யாரிடமும் கோபித்துக்கொண்டதில்லை.